இடர்க் காலத்துச் சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய விழாவில் புயலையும் வெள்ளத்தையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். புயலையும் வெள்ளத்தையும் ஆராய வானிலை வல்லுநர்களும் பொறியாளர்களும் இருக்கின்றனர். அவர்கள் அறிந்ததை மக்கள் அறியும்படி எடுத்துரைப்பது சொல்லின் வேலை. சொல்லைப் பயில்வோர் கூடிய அவையில் அந்த வேலையைப் பற்றிப் பேசுவதே முறை.

தென்னேரி, ஏரியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் விளங்கிய திரையனேரியே நாளடைவில் தென்னேரி என மருவியது என்பர். அவ்விளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. அந்நூலில் நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறையின் கலங்கரை விளக்கம் காட்டப்படுகிறது. வானளாவிய மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றப்படும் தீ, நடுக்கடலில் திசை தடுமாறும் கலங்களுக்குத் துறை இருக்கும் இடத்தை உணர்த்துகிறது. கடலின் ஆழத்தையும் காற்றின் வேகத்தையும் அந்தத் தீ சொல்வதில்லை. வரவேண்டிய திசையைச் சொல்கிறது. இடர்க் காலத்தில் சொல்லப்படும் சொல்லுக்கு இதைவிட நல்ல இலக்கணம் வேண்டியதில்லை.

மணிமேகலையின் முதற் காதையாகிய விழாவறை காதையும் இவ்விடத்தில் எண்ணத் தக்கது. இந்திர விழாவை மறந்தால் புகாருக்குக் கேடு வரும் என்று அஞ்சிய பெரியோர் விழா எடுக்கத் துணிகின்றனர். யானையின் பிடரியில் முரசை ஏற்றி வள்ளுவன் நகருக்கு அறிவிக்கிறான். விழா வருகிறது என்று கூறுவதோடு அவன் நின்றுவிடுவதில்லை. வீதியில் புதுமணல் பரப்புக, பகை கொண்டாரிடமிருந்து விலகி நிற்க என்று செய்ய வேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறான். முரசறைதல் என்பது செய்தி கூறுதல் மட்டுமன்று, செயலுக்கு ஏவுதலும் ஆகும் என்பது அக்காலத்தார் கண்ட தெளிவு. திருக்குறளில் சொல்வன்மை அதிகாரம் அமைச்சியலில், அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்தே வைக்கப்பட்டிருப்பதும் கருதத் தக்கது. நன்றாகச் சொல்லுதல் ஆட்சி புரிவோரின் கடமைகளுள் ஒன்று என்பது அந்த வைப்பு முறையின் பொருள்.

முரசின் எளிய வழித்தோன்றலாகச் சிற்றூர்களில் நெடுங்காலம் வழங்கியது தண்டோரா. ஏரி நிரம்பினாலும், கரையில் கசிவு கண்டாலும், தொற்றுநோய் பரவினாலும் முதலில் கேட்டது அந்த ஓசையே. அது தெருத் தெருவாகச் சென்றது, முச்சந்தியில் நின்றது, முதலில் பறையொலியால் செவியைத் திருப்பியது, பின்னர் அத்தெருவார் பேசும் தமிழில் இரண்டு வாக்கியம் சொன்னது, அதையே அடுத்த தெருவிலும் சொன்னது. கேட்டவர் குறுக்கிட்டு, ‘எந்தக் கரை? எந்த மதகு?’ என்று வினவவும் இடம் இருந்தது. ஆயினும் அப்பணி, பிறப்பைக் காரணமாக்கி ஒரு சாரார் மீது சுமத்தப்பட்ட இழிவாகவும் இருந்தது. ஊரைக் காக்கும் செய்தியைச் சுமந்தவர் ஊருக்குள் மதிப்பின்றி நிறுத்தப்பட்டார். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோரா முறையைக் கைவிட்டு வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு பணித்தார். வழக்கம் ஒழிந்தது நன்று. அதன் நற்பண்புகளான அண்மை, எளிமை, மறுவினாவுக்கு இடம் ஆகியவை ஒலிபெருக்கிக்கு வந்து சேர்ந்தனவா என்பதே இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

தமிழர் அனைவரும் வானொலியில் கேட்டுப் பழகிய வாக்கியம் ஒன்று உண்டு: ‘துறைமுகத்தில் ஐந்தாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.’ கேட்டவுடன் அச்சம் பிறக்கிறது. செய்ய வேண்டியது யாது என்பது விளங்குவதில்லை. கூண்டு கப்பல்களுக்காக ஏற்பட்ட குறியீடு. 1864-ஆம் ஆண்டுக் கல்கத்தாப் புயலின் அழிவைக் கண்டபின், 1865-இல் அத்துறைமுகத்தில் தொடங்கிய எச்சரிக்கை முறையின் வளர்ச்சி அது. ஒன்றும் இரண்டும் தொலைவில் கடலில் உள்ள புயலைக் குறிப்பன. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வரக்கூடிய கடுங்காற்றைப் பற்றியன. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை ஒன்றைவிட ஒன்று கொடியது என்று பலர் எண்ணுகின்றனர். அவை உணர்த்துவது திசை. புயல் செல்லும் வழிக்கு இடப்புறம் துறைமுகம் அமையுமானால் ஐந்து. வலப்புறம் அமையுமானால் ஆறு. துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்குமானால் ஏழு. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை அதே முறையில் கடும்புயலுக்கு உரியவை. மாலுமிக்கு இது நுட்பமான செய்தி. தென்னேரியில் தறிமுன் அமர்ந்திருக்கும் நெசவாளிக்கு இது வெறும் எண்.

பதினொன்றாம் எண்ணின் பொருளை அறிந்தோர் மிகச் சிலர். அது எல்லாவற்றிலும் பெரிய புயலைக் குறிப்பதாகவே பலரும் கருதுவர். வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு இருந்த தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். செய்தி வராமற்போவதே தனி ஆபத்து என்று அக்குறியீட்டை வகுத்தோர் உணர்ந்திருந்தனர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியில் நேர்ந்தது இதற்குச் சான்று. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியபோது கைகாட்டி செயலிழந்திருந்தது. நின்று காத்திருந்த ரயில், சைகை வராமலேயே முன்னேறியது; பேரலை அதை மூழ்கடித்தது; நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தொடர்புகள் அறுந்தமையால் அச்செய்தி வெளியுலகை எட்டவும் காலம் சென்றது.

மழையைக் குறிக்கும் சொற்களிலும் இதே இடர்ப்பாடு உண்டு. கனமழை, மிகக் கனமழை, அதி கனமழை என்று வானிலைத் துறை வகுக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை; 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதி கனமழை. அறிவியலுக்கு இவ்வரையறை இன்றியமையாதது. ஆனால் ‘மிக’ என்பதும் ‘அதி’ என்பதும் தமிழ்ச் செவிக்கு ஒரே பொருள் தரும் அடைகள். ஒன்றில் குடை பிடித்துக் கடைக்குப் போகலாம், மற்றொன்றில் வீட்டை விட்டே வெளியேற நேரும் என்ற வேறுபாட்டை அச்சொற்கள் தாங்கவில்லை. பின்னர் வந்த மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிற எச்சரிக்கைகள் ஓரளவு உதவுகின்றன. மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு என்று நிறத்தோடு செயலையும் இணைத்திருப்பதே அதற்குக் காரணம்.

சொல் உரிய நேரத்தில் உரிய இடத்தை அடைந்தால் விளைவது யாது என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. அன்று காலை 6.29 மணியளவில் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. தமிழகக் கரையைப் பேரலை தாக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையோர மக்களுக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே காலையில் புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவ ஊர் தப்பியது. சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் அலைச் செய்தியை அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு இயங்கிய அறிவு மையம் இருந்தது. அதன் ஒலிபெருக்கி, ‘ஓடுங்கள்’ என்று சொன்னது. ஏறத்தாழ 3,600 மக்கள் உயிர் பிழைத்தனர்.

இந்நிகழ்ச்சியைத் தொலைபேசியின் வெற்றி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஒலிபெருக்கி அன்றைக்குப் புதிதாகக் கட்டப்பட்டதன்று. கடலின் நிலையையும் அலையின் உயரத்தையும் வழக்கமாகச் சொல்லி வந்த குரல் அது. சொன்னது பலித்ததைப் பல நாள் கண்டிருந்த மக்கள், அன்று அது ஓடச் சொன்னபோது காரணம் கேட்டு நிற்கவில்லை. நம்பிக்கை என்பது இடர் வந்த நாளில் உண்டாக்கக் கூடியதன்று. அமைதியான நாள்களில் சேர்த்து வைக்க வேண்டியது.

அந்நம்பிக்கை எவ்வளவு எளிதில் குலையும் என்பதற்கும் அதே வாரம் சான்று தந்தது. டிசம்பர் 30 அன்று மீண்டும் பேரலை வரக்கூடும் என்று மைய உள்துறை எச்சரித்தது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பே அதற்கு அடிப்படை. கரையோர மக்கள் அஞ்சி ஓடினர், நிவாரணப் பணிகள் தடைப்பட்டன, அலை வரவில்லை. உறுதிப்படுத்தாமல் சொல்லப்பட்ட சொல், அடுத்த முறை சொல்லப்படும் உண்மையையும் ஐயத்துக்கு உள்ளாக்கும். 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டதற்கு, ஆய்ந்து சொல்லும் ஒரே வாய் வேண்டும் என்ற தேவையும் காரணம்.

காஞ்சிபுரம் வட்டாரத்தார் மறக்க இயலாதது 2015 டிசம்பர். முதல் தேதியும் அன்றிரவும் பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவாயிற்று. 24 அடி முழுக் கொள்ளளவு உயரம் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறப்பு படிப்படியாக உயர்ந்து, அரசுக் கணக்குப்படி நொடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அடையாற்றின் இரு கரையும் மூழ்கின. எச்சரிக்கை விடுத்ததாக அரசு கூறியது. எதுவும் செவியை எட்டவில்லை என்று கரையோரத்தார் பலர் கூறினர். நீர்த்தேக்க மேலாண்மையைத் தணிக்கைத் துறையின் அறிக்கையும் பின்னர்க் குறை கூறியது. அந்த வழக்காடலைத் தீர்ப்பது இந்த அவையின் வேலை அன்று. சொன்னதாக ஒருவரும் கேட்கவில்லை என மற்றவரும் நேர்மையாகவே கூற முடிந்தது எவ்வாறு என்பதே இங்கு ஆராயத் தக்கது.

விடை, அறிவிப்புகளின் மொழியில் இருக்கிறது. ‘உபரிநீர் திறக்கப்படவுள்ளதால் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற வகையில் அமைவதே அரசு அறிவிப்புகளின் வழக்கம். இதில் பிழையான சொல் ஒன்றுமில்லை. பயன்படும் சொல்லும் ஒன்றுமில்லை. தாழ்வான பகுதி எது? தன் வீடு தாழ்வானது என்று எவரும் எண்ணுவதில்லை. பாதுகாப்பான இடம் எது? எத்தனை மணிக்குள் செல்ல வேண்டும்? 29,000 கன அடி என்பதை விளக்கினால், 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 68 ஒவ்வொரு நொடியும் கவிழ்க்கப்படுவதற்கு ஒப்பாகும். அவ்வாறு விளக்கினால் அச்சம் கூடும்; அப்போதும் வழி தெரியாது. ‘இரவு பத்து மணிக்குள் இந்தத் தெருவில் மார்பளவு தண்ணீர் வரும், மேட்டில் உள்ள பள்ளிக்குப் போங்கள்’ என்பதே அன்று வேண்டியிருந்த வாக்கியம்.

இலக்கணம் பயின்றோர் இவ்விடத்தில் ஒன்றை எளிதில் காண்பர். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பது செயப்பாட்டு வினை. கேட்பவர் யார் என்பது அதில் மறைந்துவிடுகிறது. கேட்கப்படுவோரும் முன்னிலையிலிருந்து படர்க்கைக்குத் தள்ளப்படுகின்றனர். வேறு யாருக்கோ சொல்லப்படும் செய்தி போல அது ஒலிக்கிறது. தமிழில் ஏவல் வினை என்று ஒன்று தனியே இருக்கிறது. அது முன்னிலைக்கே உரியது. எதிரில் நிற்பவரை நோக்கியே பேசும். அடுக்குத்தொடருக்கு இடம் கூறும் உரையாசிரியர்கள், விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் என்ற நிலைகளில் ஒரு சொல் இரண்டும் மூன்றுமாக அடுக்கி வரும் என்பர். ‘பாம்பு பாம்பு’, ‘தீ தீ தீ’ என்பன அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். அச்சத்திலும் விரைவிலும் மொழி குறுகும், திரும்பத் திரும்ப வரும் என்பதை இலக்கணம் எப்போதோ கண்டிருக்கிறது. அலுவலக நடை அதைக் கற்கவில்லை.

2015 வெள்ளத்தில் மின்சாரம் நின்றது; கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன; அச்சகத்துக்குப் பணியாளர் செல்ல முடியாமல் டிசம்பர் 2-ஆம் நாள் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழே அச்சாகி வெளிவரவில்லை. அந்த வெற்றிடத்தில் வதந்தி புகுந்தது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று பரவிய பொய்யை மறுக்கப் பண்ணையினர் முன்வர வேண்டியதாயிற்று. உண்மை வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பொய்க்குக் கிடைத்த மணி நேரம். சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை எனினும், ‘நிலைமையில் மாற்றமில்லை, அடுத்த அறிவிப்பு ஆறு மணிக்கு’ என்று சொல்வதே ஓர் அறிவிப்பு ஆகும்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் வேறொரு பாடம் தந்தது. எச்சரிக்கை வந்தபோது குமரி மாவட்ட மீனவர் பலர் நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்க ஏற்கெனவே சென்றிருந்தனர். கரையிலிருந்து அவர்களை எட்டும் கருவி படகுகளில் இல்லை. சொல் இருந்தது, செவியும் இருந்தது. இடையில் வழி இல்லை. செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் முயற்சி அதன்பின் வலுப்பெற்றது. மறு ஆண்டு 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, 80,000-க்கும் மேற்பட்டோர் முன்னரே முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். தென்னையும் வீடும் பேரழிவுக்கு உள்ளாயின. உயிரிழப்பு நூற்றைத் தொடவில்லை. 1999-இல் ஏறத்தாழ 10,000 உயிர்களைப் புயலுக்குப் பறிகொடுத்த ஒடிசா, 2013-இல் பைலின் புயலின்போது ஏறத்தாழ பத்து லட்சம் மக்களை இடம்பெயர்த்து உயிரிழப்பைப் பெரிதும் குறைத்தது. புயலைத் தடுக்க இயலாது. சாவைக் குறைக்க இயலும் என்பதற்கு இவை சான்று.

இன்று கருவிகள் பெருகியுள்ளன. 2023 அக்டோபர் 20 அன்று தமிழகக் கைப்பேசிகள் பலவற்றில் ஒரே நேரத்தில் உரத்த ஒலியோடு சோதனைச் செய்தி வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது; தென்மாவட்டங்களில் பல ஊர்களின் கைப்பேசித் தொடர்பே அறுந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் நீர் சூழச் சிக்கினர். கருவி எத்துணை புதியதாயினும் அது ஓய்ந்தபின் பேச ஒரு மனிதக் குரல் ஊரில் இருக்க வேண்டும். கூண்டு எண் பதினொன்று இன்றும் பொருளுடையது.

இவையனைத்தும் தென்னேரிக்கு என்ன சொல்கின்றன? இதே மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரிவாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஏரியைக் காப்பது இன்னாருடைய பொறுப்பு என்று வகுத்து வைத்த மரபு இந்த மண்ணுக்கு உண்டு. ஏரியைப் பற்றிச் சொல்வதும் இன்னாருடைய பொறுப்பு என்று வகுத்தல் அதன் தொடர்ச்சியே ஆகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு முன், ஊராட்சியோடும் வருவாய்த் துறையோடும் கலந்து, அறிவிப்பு வாசகங்களை எழுதி ஆயத்தமாக வைக்கும் பணியை இலக்கிய வட்டம் ஏற்கலாம். தெருப் பெயர், மேட்டுப் பெயர், மதகின் பெயர் ஆகியவற்றை ஊரார் வழங்கும்படியே அதில் எழுத வேண்டும். வாசகம் பின்வருமாறு அமையலாம்:

‘ஏரி கலங்கல் வழிகிறது. கலங்கலுக்குக் கீழே இருக்கும் தெருக்காரர்கள் இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். பட்டையும் பாவையும் பரண்மேல் ஏற்றுங்கள். மாட்டைக் கட்டி வைக்காதீர்கள். தனியாக இருக்கும் முதியவர்களைக் கூட்டி வாருங்கள். அடுத்த அறிவிப்பு ஆறு மணிக்கு. சொல்வது கிராம நிர்வாக அலுவலர்.’

வருவது என்ன, யாருக்கு, எப்போதுக்குள், எங்கே செல்வது, எதைக் காப்பது, சொல்பவர் யார், மீண்டும் சொல்வது எப்போது ஆகிய ஏழும் இதில் அடங்கும். பட்டைச் சொல்வது மிகையன்று. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறுவதை நெசவாளர் அறிவர். ஒரு பாவு நனைந்தால் ஒரு குடும்பத்தின் பல வார உழைப்பு போயிற்று. தன் பொருளை நினைவில் கொண்டு பேசும் குரலுக்குத்தான் மனிதன் வீட்டை விட்டுப் புறப்படுவான். இல்லையேல் தறியைக் காத்துக்கொண்டு அங்கேயே இருப்பான்.

இன்னொரு கடமையும் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளை நம்பி ஒடிசா, பீகார், வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளர் சுற்று வட்டாரமெங்கும் வாழ்கின்றனர். எத்துணை இனிய தமிழாயினும் அது அவர்களுக்கு விளங்காது. அதே வாசகத்தை இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அவர்களுள் ஒருவர் குரலிலேயே பதிவு செய்து வைத்தல் வேண்டும். செவிப்புலன் இழந்தோர் வீட்டுக்கு நேரில் சென்று சொல்ல ஒருவர் பெயர் குறிக்கப்படுதல் வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண் பள்ளிச் சுவரிலும் நியாய விலைக் கடையிலும் எழுதப்படுதல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வெயில் காயும் நாளில் அந்த ஒலிபெருக்கியில் பேசிப் பார்த்தலும் வேண்டும்.

பத்தாண்டுகளாகச் சொல்லின் சுவையை ஊருக்கு வழங்கிய இலக்கிய வட்டம், வரும் பத்தாண்டுகளில் சொல்லின் காவலையும் வழங்குமானால், திரையனின் பெயர் தாங்கிய ஏரிக்கும் அதன் கரையில் வாழ்வோர்க்கும் அது பெருந்துணையாகும். இலக்கிய வட்டம் வளர்க.